வாசலுக்கு வெளியே மத்திய அரசு

சிப்ரியானோவைப் பிடித்தது எங்கள் ஊர்ப் போலீஸ்தான். ஒரு வெள்ளிக்கிழமை, மீன் கம்பெனியில் பகல் ஷிப்டு விட்ட நேரம். அவனுடைய பழைய வேனில் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்தியிருக்கிறார்கள். லைசென்ஸ் கேட்டிருக்கிறார்கள். குவாத்தமாலா மலையிலிருந்து வந்து எங்கள் வெஸ்ட்காட் துறைமுகத்தில் மீன் வெட்டுகிற சனத்தில் பாதிப்பேருக்கு லைசென்ஸ் கிடையாது. அவனுக்கும் இல்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கைரேகை எடுத்தார்கள். கைரேகை எடுத்துவிட்டால் அது தானாகவே மத்திய அரசின் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் போலீஸ் நினைத்தாலும் அதைத் தடுக்க முடியாது. போட்ட காபி ஆறுவதற்குள் அங்கிருந்து பதில் வந்தது: இந்த ஆளை விட்டுவிடாதே, நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம்.

செய்தி வந்தபோது அவன் மனைவி மிக்கேலா எனக்கு எதிரே மீன் நகர்ந்து வரும் பெல்ட்டில் நின்றிருந்தாள். அவளுக்கு மாலை ஷிப்டு. எனக்கு அன்று ஓவர்டைம். அவளுக்கு நிறைமாதம். ரப்பர் ஏப்ரனின் நாடாவை வயிற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருந்தாள். கோட் மீனின் தலைக்குக் கீழே கத்தியை வைத்து வால்வரை ஒரே இழுப்பாக இழுப்பாள், முள்ளில் துளி சதை நிற்காது. அன்று போனைக் கேட்டுவிட்டு வைத்தவள், கையுறையைக் கழற்றாமல் மறுபடி கத்தியை எடுத்தாள். அடுத்த மீனையும் வெட்டினாள். அதற்கப்புறம்தான் ஐஸ் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"ஒடீலியா அக்கா, உங்க வீட்டுக்குக் கீழதானே இருக்காங்க அந்த லாக்கப்பு அம்மா?" என்று கேட்டாள்.

ஆமாம், கீழேதான் இருந்தாள். எங்களுடையது மூன்றடுக்கு மரவீடு. நான் மேல்மாடி. நடுமாடியில் இதலீனாவும் அவள் புருஷன் கில்பர்ட்டும். எங்கள் பெற்றோர் எல்லாரும் போர்த்துகீசு பேசும் அசோர் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்து இதே துறைமுகத்தில் வலை இழுத்தவர்கள். இதலீனா நகரப் போலீஸில் சேர்ந்து லாக்கப்புக்குப் பொறுப்பாக இருந்தாள். மிக்கேலாவுக்குத் தெரியாதது ஒன்று, அல்லது தெரியாது என்று அன்று நான் நினைத்தது ஒன்று உண்டு. கில்பர்ட்டுக்கு வேலை மத்திய குடியேற்றத் துறையில்.

அவனைக் குறை சொல்லமாட்டேன். நன்றாகப் படகு ஓட்டினவன். கோட் மீன் குறைந்துபோச்சு, இத்தனைக்குமேல் பிடிக்கக் கூடாது என்று மத்திய அரசு சட்டம் போட்டபோது பாதித் துறைமுகம் படகை விற்றது. அவன் அப்பாவின் படகும் போயிற்று. ஊரே மத்திய அரசைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவன் போய் அந்த அரசிடமே வேலைக்குச் சேர்ந்தான். அப்போது அது சுங்கத்துறை மாதிரி ஒரு வேலை. பிறகுதான் ஆட்களைப் பிடிக்கிற வேலையாக மாறியது.

அதே சமயத்தில் எங்கள் நகரசபை ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசு கேட்கிறது என்பதற்காக மட்டும் லாக்கப்பில் யாரையும் வைத்திருக்கக் கூடாது, நீதிபதி கையெழுத்துப் போட்ட வாரண்டு வேண்டும். அப்படி யாராவது கேட்டால் அதைக் கைதியிடம் சொல்லியும் ஆக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். மீனவர் சங்கத்து ஆள் ஒருவர் எழுந்து, "முன்னாடி எங்க மீனை எண்ணுனாங்க, இப்ப எங்க ஆளை எண்ணுறாங்க," என்றார். கூடம் முழுக்கக் கைதட்டல். மத்திய அரசு சும்மா இருக்கவில்லை. ஊருக்குத் தரும் பணத்தை நிறுத்துவோம் என்று எழுதியது, மேயர் மேல் வழக்கும் போட்டது. அந்த வழக்கு எங்கோ பெரிய கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. நடுமாடியில் மட்டும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள்: சாப்பாட்டு மேசையில் வேலைப் பேச்சு இல்லை.

அன்று வேலை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அடுப்பில் கேல் கீரையும் சாசேஜும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கில்பர்ட் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தான். நான் சிப்ரியானோவைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்ததும் அவன் கத்தியைக் கீழே வைத்தான். தான் இருக்கும்போது அதைக் கேட்க வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே ஏற்பாட்டை மீறினான்.

"நாளைக்குக் காலைல உன் ஸ்டேஷன் வாசல்ல நான் நிப்பேன்," என்றான் இதலீனாவிடம். "வேற ஆளைப் போடுங்கன்னு சொல்லிப் பார்த்தேன். கேக்கல."

"உள்ள வருவியா?"

"பேப்பர் இருக்கு."

"யாரு கையெழுத்து?"

"எங்க ஆபீஸ் கையெழுத்து."

"அப்ப வாசல்லயே நில்லு," என்று சொல்லிவிட்டு இதலீனா சூப்பைத் தட்டில் ஊற்றினாள். எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை நடந்ததை இதலீனா பிறகு என்னிடம் சொன்னாள். காலையில் வாடைக்காற்று. கடலிலிருந்து பனித்தூள் பறந்து வந்து கண்ணில் அறைந்துகொண்டிருந்தது. கில்பர்ட் தன் கறுப்பு வண்டியை ஸ்டேஷனுக்கு நேர் எதிரே, சர்ச் சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தான். பக்கத்தில் இன்னொரு ஆபீசர். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவள் உள்ளே போனாள். ஜாமீன் எழுதுகிறவர் வந்தார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினதற்குப் பெரிய ஜாமீன் இல்லை. மீன் கம்பெனிப் பெண்கள் விடிவதற்கு முன்பே பணத்தைத் திரட்டி வைத்திருந்தார்கள். கட்டினால் உடனே வெளியே வந்துவிடலாம்.

சட்டம் சொன்னபடி அவள் சிப்ரியானோவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவன் பேசியது ஸ்பானிஷ், இவளுடையது போர்த்துகீசு. இரண்டும் கலந்துதான் பேச்சு.

"உன்னை வெச்சிருக்கச் சொல்லி மத்திய அரசு கேட்டிருக்கு. நாங்க வெச்சிருக்க மாட்டோம். ஜாமீன் கட்டிட்டா கதவைத் திறந்து விட்ருவேன். அதுவரைக்கும்தான் என் பொறுப்பு. வெளிய என்ன நடக்கும்னு நான் சொல்ல முடியாது."

அவன் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். குட்டையான, திரண்ட ஆள். உப்பும் ஐஸும் அரித்து விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை வெடித்துப் போயிருந்தது.

"வெளிய நிக்கிறாங்களா, டோனா?" டோனா என்பது அவன் பேச்சில் அம்மா என்கிற மரியாதைச் சொல்.

"அதை நான் சொல்லக் கூடாது."

"உள்ள வந்து என்னைக் கூட்டிட்டுப் போவாங்களா?"

"நீதிபதி கையெழுத்து இல்லாம முடியாது."

அவன் யோசித்தான். அப்புறம் கேட்டான்: "ஜாமீன் கட்டலன்னா?"

"திங்கக்கிழமை கோர்ட்டு வரைக்கும் இங்கயே இருக்கணும்."

"அப்ப நான் இங்கயே இருக்கேன்."

இத்தனை வருஷத்தில் லாக்கப்பிலேயே இருக்கிறேன் என்று தானாகச் சொன்னவனை அவள் பார்த்ததில்லை. புரியாமல் சொல்கிறானோ என்று மறுபடி விளக்கினாள். அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது. முன்பு ஒரு தடவை அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், மறுபடி பாலைவனத்தைக் கடந்து வந்தவன். இந்த முறை வண்டியில் ஏற்றினால் டெக்சஸ் பக்கம் ஏதாவது முகாமில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள். "என் பொண்டாட்டிக்கு இன்னைக்கோ நாளைக்கோ பிரசவம். பிள்ளையைப் பார்த்துட்டுப் போறேன், டோனா. அதுக்கப்புறம் எங்க வேணும்னாலும் போறேன்," என்றான்.

நகரசபை வக்கீல் போனில் குதித்தாராம். தேவையில்லாமல் ஒரு நிமிஷம்கூட ஆளை வைத்திருக்காதீர்கள் என்று சட்டம் போட்டுவிட்டு, இப்படி வைத்திருந்தால் வழக்கில் என்ன பதில் சொல்வது என்று. ஸ்டேஷன் கேப்டன் வயசான மனிதர், எதற்கும் பதறாதவர். "நாங்க வெச்சிருக்கல சார். அவன் இருக்கான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஸ்டேஷன் படியில் நின்றிருந்த மிக்கேலாவுக்கும் அவன் முடிவு எட்டியிருந்தது. மீன் கம்பெனிப் பெண்கள் பணத்தோடு வர வர, ஒவ்வொருத்தியாகத் தடுத்துத் திருப்பி அனுப்பினாள். சிலருக்கு விளங்கவில்லை. புருஷனை ஜெயிலில் வைக்கச் சொல்லிப் பொண்டாட்டியே படியில் காவல் நிற்பதை நம் ஊரில்தான் பார்க்க முடியும் என்று எங்கள் போர்மேன் அம்மா சொன்னாள். சிரிக்க நினைத்துச் சொன்னாள், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பனியில் மிக்கேலாவின் தலைத்துணி வெளுத்துக்கொண்டே வந்தது. நான் என் கோட்டை அவள் தோளில் போட்டேன்.

மதியம் போல இதலீனா ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தாள். கையில் இரண்டு காபி. தெருவைக் கடந்து கறுப்பு வண்டியின் கண்ணாடியைத் தட்டி இரண்டையும் உள்ளே கொடுத்தாள். கில்பர்ட் ஏதோ கேட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். பிறகு என்னிடம் சொன்னாள், அவன் கேட்டது இதைத்தான்: "அந்தப் பொண்ணு ஏன் குளிர்ல நிக்குது? உள்ள உக்காரச் சொல்லேன்."

உள்ளே உட்கார வைத்தார்கள். ஆனால் அவள் ரொம்ப நேரம் உட்காரவில்லை. பொழுது சாயும் முன் அவளுக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கறுப்பு வண்டி நகர்ந்தால்தான் என் கார் வெளியே வரும். நான் ஹாரன் அடிக்கவில்லை. கில்பர்ட்டே பார்த்துவிட்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை மணி அடிக்கும்போது பெண் குழந்தை பிறந்தது. மிக்கேலா கத்தவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை நெரித்தாள், அவ்வளவுதான். குழந்தைக்குப் பேர் என்ன என்று நர்ஸ் வந்து கேட்டாள். அப்பா சொல்ல வேண்டும், அவர் வேலையில் இருக்கிறார் என்று மிக்கேலா சொன்னாள். நான் மொழிபெயர்த்தேன்.

அன்று மதியம் நடுமாடியில் நடந்ததும் இதலீனா சொன்னதுதான். ஞாயிறு என்றால் அவர்கள் வீட்டில் உப்பிட்ட கோட் மீனும் உருளைக்கிழங்கும். அவளுக்கு இரண்டு மணிநேரம் ஓய்வு, அவனுக்கும் மாற்று ஆள் வந்திருந்தார். அவன் சாப்பிடாமல் மீனைப் பிய்த்துக்கொண்டே இருந்தானாம்.

"நீதிபதிகிட்ட போயிட்டாங்க," என்றான். "திரும்பி வந்தது குற்றம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்குக் காலைல கையெழுத்து ஆயிரும்."

"ஒரு மீன்காரனுக்காக ஞாயித்துக்கிழமை நீதிபதியை எழுப்பினாங்களா?"

"அவனுக்காக இல்ல, இதலீனா. உங்க ஊருக்காக. உங்க மேயர் டிவியில பேசினாரு பாரு, அதுக்காக." பிறகு மெதுவாகச் சொன்னான்: "சும்மா பிடிச்சிருந்தா அவன் ஊருக்கு அனுப்பி விட்ருப்போம். இப்ப குற்றம்னு ஆயிருச்சு. முதல்ல ஜெயிலு, அப்புறம்தான் ஊரு."

அவள் அதைக் கேட்டதும் முள்கரண்டியை வைத்துவிட்டாள். நீதிபதி கையெழுத்து, நீதிபதி கையெழுத்து என்று அவளும் ஊரும் கேட்டுக்கொண்டே இருந்தது இதற்குத்தானா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. கேட்டது தப்பில்லை என்றும் தோன்றியிருக்கிறது.

"நீ சொல்லியிருக்கக் கூடாது எங்கிட்ட," என்றாள்.

"தெரியும்."

"நான் போய் அவன்கிட்ட சொன்னா உன் வேலை போயிரும்."

"அதுவும் தெரியும்."

அவள் சொல்லவில்லை. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று மட்டும் சிப்ரியானோவிடம் போய்ச் சொன்னாள். அவன் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் மண்டிபோட்டு, தங்கள் மலைமொழியில் வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தானாம். அவளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பு ரொட்டியைக் கம்பிக்குள் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மிக்கேலா வீட்டுக்குப் போகச் சம்மதிக்கவில்லை. ஒன்பதுக்கு அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள், அதற்கு முன் பார்க்க வேண்டும் என்றாள். நடக்க முடியாமல் காலை அகட்டி அகட்டி நடந்தாள். குழந்தையை நான் போர்வைக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டேன். ஸ்டேஷன் கதவைத் தள்ளிக்கொண்டு நாங்கள் உள்ளே போனபோது கவுண்டருக்கு இந்தப் பக்கம் கில்பர்ட் நின்றிருந்தான். அந்தப் பக்கம் இதலீனா. நடுவில் ஒரு தாள். அவள் அதன் அடிப்பகுதியைப் படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்து இருந்தது.

கில்பர்ட் திரும்பி எங்களைப் பார்த்தான். மிக்கேலாவைப் பார்த்தான், என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அந்தத் தாளை எடுத்து மடித்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"நான் இன்னும் வரலன்னு வெச்சுக்க," என்றான் பெண்டாட்டியிடம். கூட வந்த ஆபீசர் ஏதோ சொல்ல வந்தான். கில்பர்ட் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

லாக்கப்புக்குள் பார்வையாளரை விடக் கூடாது. இதலீனா விட்டாள். கம்பிக்கு வெளியே நிற்கச் சொல்லாமல் கதவையே திறந்துவிட்டாள். சிப்ரியானோ குழந்தையை உடனே வாங்கவில்லை. முதலில் கையை முகர்ந்து பார்த்தான், மீன் வாடை இருக்கிறதா என்று. இரண்டு நாளாக மீனைத் தொடவில்லை, இருந்தும் முகர்ந்து பார்த்தான். சட்டையில் துடைத்துக்கொண்டு அப்புறம் வாங்கினான். வெந்தூரா என்று பேர் வைத்தான். அவன் அம்மாவின் பேராம். மிக்கேலா அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். நானும் இதலீனாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு கதவு திறந்தது. கில்பர்ட் உள்ளே வந்து, இப்போதுதான் வந்தவன் மாதிரி தாளைக் கவுண்டரில் வைத்தான். இதலீனாவும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். சிப்ரியானோவிடம் போய், "நீதிபதி கையெழுத்து வந்திருக்கு. இனி நான் நிறுத்த முடியாது," என்றாள். அவன் தலையாட்டினான். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒப்படைத்தது அவள்தான். கில்பர்ட் விலங்கு மாட்டும்போது மணிக்கட்டில் வெடிப்பைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை இழுத்துவிட்டு அதன்மேல் மாட்டினான். மிக்கேலா குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அழவில்லை.

அதற்குப் பிறகு மாதங்கள் போயின. சிப்ரியானோ வேறு மாநிலத்தில் ஒரு சிறையில் இருந்தான், பிறகு குவாத்தமாலாவுக்கு அனுப்பப்பட்டான். அவன் போய்ச் சேர்ந்த அதே வாரம் பெரிய கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. நகரசபை செய்ததில் தப்பில்லை, மத்திய அரசு தன் வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும், ஊரை வேலை வாங்க முடியாது என்று. மேயர் ஆபீஸில் கேக் வெட்டினார்கள். இதலீனாவுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் என்றார்கள். அவள் அன்று லீவு போட்டுவிட்டு வீட்டில் துணி துவைத்தாள். நடுமாடியில் மறுபடி பழைய ஏற்பாடுதான். மேசையில் வேலைப் பேச்சு இல்லை. மற்ற பேச்சும் குறைந்துவிட்டது.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை மிக்கேலா என் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும். இதலீனாவை மேலே கூப்பிடச் சொன்னாள். இதலீனா கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். வெந்தூரா உடனே அவள் மடியில் ஏறிச் சட்டைப் பொத்தானைக் கடிக்க ஆரம்பித்தாள்.

"நீங்கதான் ஞானத்தாயா நிக்கணும், டோனா," என்றாள் மிக்கேலா. "அவர் போன்ல சொன்னாரு. அந்த அம்மாவையே கேளுன்னு."

இதலீனா பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அன்னைக்கு அவனைக் கூட்டிட்டுப் போனது என் புருஷன். தெரியுமா?"

"தெரியும். நீங்க காபி கொண்டு போய்க் குடுத்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

"அவர் பேப்பரைப் பைக்குள்ள வெச்சாரே. அதையும் பார்த்தேன்."

பிள்ளையின் தலையைத் தடவுவதை இதலீனா நிறுத்தினாள். பிறகு, "நான் வர மாட்டேன், மிக்கேலா," என்றாள்.

மிக்கேலாவின் முகம் சுருங்கியது. நானும் கோபமாகத்தான் பார்த்தேன்.

"உன் பேரு அவங்க கம்ப்யூட்டர்ல இல்ல. நீ எந்தத் தெருவுல இருக்கேன்னு கில்பர்ட்டுக்குத் தெரியாது. ஞானத்தாயா நின்னுட்டா நீயும் நானும் ஒரே குடும்பம். ஞாயித்துக்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவ. அவன் கேப்பான், வேலை எப்படி, எங்க இருக்க, குளிருக்கு அடுப்பு எரியுதான்னு. நல்ல மனுஷன், கண்டிப்பா கேப்பான். நீயும் சொல்லுவ. அப்புறம் ஒரு நாள் ஆபீஸ்ல அவனைக் கேப்பாங்க. அவனுக்குப் பொய் சொல்ல வராதுடி. எனக்கும் வராது."

கீழே தெருவில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். இதலீனாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். பொத்தானைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துவிட்டு, உச்சியில் ஒரு முத்தம் வைத்து, அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"பின்படி வழியா கூட்டிட்டுப் போ, ஒடீலியா. ஞானத்தாயா நீ நில்லு," என்று சொல்லிவிட்டு முன்படி வழியாகத் தன் வீட்டுக்கு இறங்கினாள்.

மழையில் நனைந்து பின்படி வழுக்கியது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு நான் முன்னால் இறங்கினேன், மிக்கேலா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடுமாடி ஜன்னலைக் கடக்கும்போது உள்ளே இதலீனாவின் குரல் கேட்டது. இன்றைக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். நாங்கள் கீழே போய்ச் சேரும்வரை அவனிடம் பேசிக்கொண்டே இருந்தாள்.